பழைய .32 கைத்துப்பாக்கி
இந்தியாவில் உரிமம் பெற்ற தனிநபர்கள் தற்காப்புக்காக இடுப்பில் வைத்துக்கொள்ளும் சிறு கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 வகை, அதாவது 7.65 மி.மீ. இதற்கான தோட்டாவை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். 1899இல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத் துப்பாக்கியோடு அது அறிமுகமானது. பல நாடுகளில் 9 மி.மீ. வந்து இதை ஓரங்கட்டி வெகுகாலமாகிறது. இங்கே இது நிலைத்ததற்குத் தரம் காரணமல்ல, 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வகை, அதற்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். .32 என்றால் மாவட்ட ஆட்சியர் மட்டத்திலேயே முடிந்துவிடும்.

தமிழக வரலாற்றில் பேர்பெற்ற சிறு துப்பாக்கியும் பிரௌனிங்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். அவருக்குச் சுடும் பயிற்சி கிடைத்தது, வ.வே.சு. ஐயர் தங்கியிருந்த புதுச்சேரியில். பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாத பிரெஞ்சு மண் அது.

1980களில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வால்தர், கோல்ட், வெப்லி ஸ்காட் துப்பாக்கிகளே திரும்பத் திரும்பக் கைமாறுகின்றன. வெளிநாட்டில் சொற்ப விலை பெறும் கிழட்டுத் துப்பாக்கிக்கு இங்கே லட்சங்கள் கேட்பார்கள். அரசுத் தொழிற்சாலையின் ‘அஷானி’ புதிதாகக் கிடைத்தாலும் வெளிநாட்டு முத்திரைமீதான மோகம் குறையவில்லை. 2014இல் கான்பூரில் வெளியான ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32தான். அரைக் கிலோ எடை, அப்போது விலை ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் அதன் தோட்டா நீளமானது, கைத்துப்பாக்கியில் போகாது. பெயரை மட்டும் கேட்டுத் தோட்டா வாங்கினால் பணம் வீண்.

பழையதை வாங்குபவர் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். துப்பாக்கியில் பொறித்த எண் உரிமப் புத்தகத்தில் உள்ளதோடு ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. எண்ணைத் தேய்த்த தடம் இருந்தால் தொடாமல் திரும்புவது உத்தமம். பிறகு துப்பாக்கியைக் கழற்றிக் குழலை வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே சுழலும் வரிப்பள்ளம் கூராக இருக்கிறதா, பழைய தோட்டா மருந்து அரித்துப் புள்ளி விழுந்திருக்கிறதா என்பது தெரியும். மேகசின் சுருள்வில் தளர்ந்திருந்தால் தோட்டா பாதியில் சிக்கும். வழவழப்பான கறுப்புப் பூச்சுக்கு மயங்கவே கூடாது; அது நேற்றுப் பூசியதாகவும் இருக்கலாம்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, ஒருவர் தன் துப்பாக்கியை விற்க நினைத்தால் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவருக்கு 21 வயது நிறைந்து, உரிமமும் இருக்க வேண்டும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை ஐந்தாண்டாக நீட்டியது.

சில அமெரிக்க மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்லத்தான் தனி அனுமதி. 2016ஆம் ஆண்டு இந்திய விதிகளோ, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் முழுக்க மூடியிருக்க வேண்டும் என்கின்றன. தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது வழக்கம். முடிவுகள் வந்தபின் அந்த ரசீதைக் காட்டித்தான் மீட்க வேண்டும்.