விசைப்பலகையும் வாய்ப்பாடமும்: தீவகத்து இசைக்கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர், ஒரு கருவி எங்கே தோன்றியது, யார் அதனைக் கொணர்ந்தனர் என்பவற்றோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். அதனை வாசிக்கும் கை எவ்வாறு பழக்கப்பட்டது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. கருவி கப்பலேறி வரலாம். கற்பிக்கும் முறை அவ்வாறு வருவதன்று. அது கற்போரின் உழைப்பு நேரத்தையும் பொருள்நிலையையும் சமூக உறவுகளையும் சார்ந்து நிற்பது. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலாய தீவுகளில் விசைப்பலகைக் கருவி பெற்ற வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

முதற்கண் பியானோக் கல்வியின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். மேனாட்டுச் செவ்வியல் இசையும் தொடக்கத்தில் ஆசான்–மாணாக்கர் வழியிலேயே பயிலப்பட்டது. பீத்தோவனிடம் செர்னியும், செர்னியிடம் லிஸ்ற்றும் கற்றமை நம் குருபரம்பரையை ஒத்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பியானோ நடுத்தர வர்க்க இல்லத்தின் உடைமையாகப் பெருகியபோது, கற்பித்தலும் பெருந்தொகையாகச் செய்யப்படவேண்டியதாயிற்று. 1814இல் லோஜியர் என்பார் மாணவரின் கையை ஒரே நிலையில் நிறுத்தும் சட்டமொன்றுக்குக் காப்புரிமை பெற்றார்; பல மாணவர் பல பியானோக்களில் ஒருங்கே பயிலும் முறையையும் வகுத்தார். 1873இல் வெளிவந்த ஹானனின் பயிற்சிநூல், ஐந்து விரல்களும் சமவலிமை பெறுதலை இலக்காகக் கொண்டது. தொழிற்சாலை தொழிலாளியிடம் வேண்டிய சீரொழுங்கையே இம்முறை விரலிடம் வேண்டியது எனலாம். இதற்கு மாறான குரலும் அங்கேயே எழுந்தது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தன்மை உண்டென்று கருதிய சோப்பின், நல்ல பாடகரைக் கேட்டு வாசிக்கக் கற்குமாறு தம் மாணவரைத் தூண்டினார். எனவே வாய்ப்பாடம் கிழக்கிற்கும் ஏட்டுப்பாடம் மேற்கிற்கும் உரியன என்ற பாகுபாடு பொருந்தாது.

இவ்வளர்ச்சியின் இறுதி விளைவே குடியேற்ற நாடுகளுக்கு வந்து சேர்ந்தது. இலண்டன் திரினிற்றிக் கல்லூரி 1877இலும், அரச இசைப்பள்ளிகளின் இணைந்த சபை 1890இலும் தொடங்கிய தரப்பரீட்சைகள் பேரரசெங்கும் பரவின. இலங்கையில் ஆங்கிலங்கற்ற வர்க்கத்தின் இல்லங்களிலும் மிசன் பாடசாலைகளிலும் பியானோ இடம்பெற்றது. அங்கு அது இசைக்கருவியாக மட்டுமன்றி வர்க்க அடையாளமாகவும் விளங்கியது.

தீவகத்தின் நிலை வேறு. கடற்றொழிலும் வரண்ட நிலத்துப் பயிர்ச்செய்கையும் தென்னிலங்கை நகர்களிற் கடைவைத்து நடத்திய வணிகமும் அங்கு வாழ்வின் அடித்தளங்கள். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இன்றும் படகிலேயே செல்லவேண்டும். பாரமிக்கதும், உப்புக்காற்றிற் கம்பிகள் துருப்பிடிப்பதும், சுருதி சேர்க்கத் தனித்தொழிலாளி வேண்டுவதுமான பியானோ இச்சூழலில் வேரூன்றற்கு இடமில்லை. அதன் எளிய உறவான ஆர்மோனியமே மக்களிடம் வந்தது. 1840களிற் பரிசில் உருப்பெற்ற இக்கருவியைக் கல்கத்தாவின் துவாரகநாத கோஷ், தரையிலமர்ந்து வாசிக்கத்தக்க கைத்துருத்திப் பெட்டியாக மாற்றினார். விலை குறைந்தது, சுமை குறைந்தது, தோணியில் ஏற்றத்தக்கதாயிற்று.

இரு வாயில்களால் அது தமிழ்க் கிராமங்களுட் புகுந்தது. ஒன்று தேவாலயம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்த பின்னர், இலத்தீன் பாடல்களுக்குத் துணைநின்ற ஆர்மோனியம் தமிழ்ப் பாடல்களுக்குத் துணையாயிற்று. மற்றையது இசைநாடகம். தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்களின் வழியே பரவிய இவ்வரங்கில், மத்தளத்தின் பக்கத்தே ஆர்மோனியம் அமர்ந்தது.

கருவி வந்தது; ஹானனின் நூல் அதனுடன் வரவில்லை. கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் முறையே கற்பித்தற்கு முன்மாதிரியாக நின்றது. பகற்றொழில் முடிந்தபின் இரவிற் கூடி, ஆசான் பாட மாணாக்கர் திருப்பிப் பாடி, தவறினால் மீண்டும் தொடங்குவது அம்முறை. ஆர்மோனியம் பயில்வோனும் முதலிற் பாட்டைக் காதில் ஏற்றினான். பின்னரே விரல் கட்டையைத் தேடியது. கைத்துருத்திப் பெட்டியில் இடக்கை காற்றூத, வலக்கை ஒன்றே பாட்டைத் தொடர்ந்தது. இருகையும் தனித்தனி இசைக்கும் பியானோ நுட்பம் இங்குத் தேவைப்படவில்லை. நடிகனின் மூச்சு எங்கே முடியும் என்றறிந்து அவ்விடத்தை நிரப்புவதே இவ்வாசிப்பின் நுட்பம். சோப்பின் தம் மாணவரிடம் வேண்டியதை, அவர் பெயரே அறியாத கிராமத்துக் கலைஞர் தேவை காரணமாகக் கைக்கொண்டனர்.

மொழியிலும் இதற்குச் சான்றுண்டு. பாடகரின் சுருதியை ஒரு கட்டை, இரண்டரைக் கட்டை, ஐந்து கட்டை என அளக்கிறோம். முழுவெண் வெள்ளைக் கட்டையையும், அரை கறுப்புக் கட்டையையும் குறிக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அரை இல்லாமை, அவ்விடத்திற் கறுப்புக் கட்டை இல்லாமையாலேயே. மேனாட்டு விசைப்பலகை தமிழரின் குரலளவையாக மாறிய விதம் நோக்கற்பாலது.

எனினும் இம்முறையைப் புனைந்து போற்றுதல் வரலாறாகாது. கூத்துப் பெரும்பாலும் சாதி எல்லைக்குள்ளேயே பயிலப்பட்டது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றனர். ஆசானின் நினைவோடு பாடமும் மறையும் இடர் இருந்தது. ஆர்மோனியத்தின் நிலையான சுரங்கள் கமகத்திற்கு இடந்தராமையும் உண்மையே. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கியிருந்தது. ஆயின் நாதஸ்வரம், தவில், பறை போன்று பரம்பரைத் தொழிலாக எச்சாதிக்கும் ஒதுக்கப்படாத புதுக்கருவி என்பதால், அதற்கு ஒரு முற்போக்கான பணியும் இருந்தது.

1990 முதல் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பரீட்சைப் பாடம் புத்தகத்தோடு பெயரக்கூடியது. இரவிற் கூடும் முற்றமும் கூட்டமும் அவ்வாறு பெயர்வன அல்ல. இன்று புலம்பெயர்ந்த இல்லங்களிற் பிள்ளைகள் பியானோத் தரப்பரீட்சைக்குப் பயில்கின்றனர். அவர்தம் பாட்டன்மார் ஆர்மோனியம் கற்ற முறை, கற்றல் என்றே எண்ணப்படுவதில்லை. சான்றிதழ் உள்ளதே அறிவு என்னும் மயக்கம் வர்க்கச் சமூகம் நமக்குத் தந்தது. எஞ்சியுள்ள முதிய கலைஞர்களின் பாட்டைப் பதிவுசெய்வதோடு அமையாது, அவர்கள் கற்பிக்கும் முறையையும் படிப்படியாகப் பதிவுசெய்தல் தமிழாய்வாளரின் உடனடிக் கடமையாகும். பாட்டு ஒலிநாடாவில் வாழும். கற்பிக்கும் முறையோ கற்பிக்கப்படும் வரையே வாழும்.