ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போனவர்கள்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதை நம்மில் பலருக்குப் பழக்கமானதுதான். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கிறோம், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறோம், சாமையும் தேனும் சீத்தாப்பழமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்தப் பழத்தைக் கூடையில் வைத்து விற்ற அம்மாவின் பிள்ளைகள் எந்த ஊரில் கூலி வேலை செய்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இம்மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. இவர்கள் பேசுவது தமிழ். ஜவ்வாது, ஏலகிரி, சித்தேரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எனப் பரவியிருக்கும் இவர்களே தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம்.

தாங்கள் மலைக்கு வந்த வரலாறாக இவர்கள் சொல்லும் ஒரு கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார். காஞ்சிபுரத்து வேளாளர்களிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்களாம். மறுத்ததும் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். மீட்பதற்கு ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டோம் என்று எண்ணிக் காரியங்களைச் செய்துவிடுங்கள்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் எப்படியோ கடந்துவிட்டார்கள், நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. வேடர்களை வென்று அவர்கள் ஊர் திரும்பியபோது வீட்டில் ஈமச்சடங்கு முடிந்திருந்தது, மனைவியர் விதவைக் கோலத்தில் இருந்தார்கள். இறந்தவர் பட்டியலில் சேர்ந்துவிட்டவர்களை ஊர் ஏற்கவில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்யத் தொடங்கினார்கள் என்று கதை முடிகிறது.

இது வாய்மொழி மரபு, இதை வரலாற்று ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் மத்ரஸாவில் 'மஃப்கூத்' பாடம் படித்த நமக்கு இந்தக் கதையைக் கடந்து போக முடியவில்லை. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று உறுதியாகத் தெரியாதவரை அவர் சொத்தைப் பங்கு வைக்கக் கூடாது என்பது ஃபிக்ஹு. மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிக்கி மத்ஹபின் நான்கு ஆண்டுக் கணக்கே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் இடம்பெற்றது. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சபராளிகளை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்த நம் பாட்டிமார்களுக்கு அந்தச் சட்டப் பிரிவின் அருமை தெரிந்திருக்கும்.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். மலையில் பெரும்பாலும் மானாவாரி நிலம். சாமை, கேழ்வரகு, கொள்ளு. பிறகு புளி, கடுக்காய், தேன் போன்ற வனப்பொருட்கள். அறுவடை முடிந்தால் மாதக்கணக்கில் வேலை இருக்காது. எனவே மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கேரளத்துக்கும், கர்நாடகத்தின் காபித் தோட்டங்களுக்கும், திருப்பூருக்கும், கட்டட வேலைகளுக்கும் போகிறார்கள். முன்பணம் கழியும்வரை திரும்ப முடியாது. இந்த மேஸ்திரிகளின் வரிசையில்தான் செம்மரத் தரகர்களும் வந்து சேர்ந்தார்கள். மரம் வெட்டிச் சுமப்பதில் மலைவாசிகளுக்குள்ள பழக்கம் தரகருக்குத் தெரியும். தோட்டத்தில் பல வாரம் உழைத்துப் பெறும் கூலியைச் சில நாட்களில் தருவதாகச் சொன்னால் கடனில் இருப்பவர் என்ன செய்வார்?

செம்மரம் ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளில், குறிப்பாகச் சேஷாசலம் காடுகளில் வளர்வது. இதன் பன்னாட்டு வணிகம் சைட்ஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. விலை தருவது சீனாவின் மரச்சாமான் சந்தை. வெட்டுவது குற்றம்தான், அதில் ஐயமில்லை. 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் பின்னரே ஆந்திர அரசின் நடவடிக்கை கடுமையானது.

2015 ஏப்ரல் 7 அதிகாலையில் திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் சிறப்பு அதிரடிப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். 12 பேர் திருவண்ணாமலை மாவட்டம். ஜவ்வாது மலை மீதும், அடிவாரத்துக் கண்ணமங்கலம், படவேடு பக்கத்திலும் உள்ள சிற்றூர்க்காரர்கள். 7 பேர் தர்மபுரி மாவட்டம், ஒருவர் சேலம் மாவட்டம். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. முந்தைய நாளே பேருந்திலிருந்து சிலரை இறக்கிக்கொண்டு போனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சாட்சியம் அளித்தார்கள். ஆணையம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் சி.பி.ஐ. விசாரணையும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு உயர் நீதிமன்றம் சென்று தடை பெற்றது. விசாரணை அந்த அரசே அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் இருந்தது. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்களும் தமிழக மலைவாசிகளே.

அன்றைய தலைப்புச் செய்திகள் பலவற்றில் இவர்கள் 'கடத்தல்காரர்கள்'. நீதிமன்றம் யாரையும் விசாரிப்பதற்கு முன்பே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க வரலாற்றில் இதற்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சி உண்டு. 1948 ஜனவரி 28 அன்று கலிஃபோர்னியாவின் லாஸ் கேட்டஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்து 32 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் அமெரிக்கப் பண்ணைகளில் பழம் பறித்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட மெக்சிகோ கூலிகள். விமானப் பணியாளர்களின் பெயர்கள் செய்தியில் வந்தன. கூலிகள் 'நாடு கடத்தப்பட்டோர்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கினார்கள். ஃபிரெஸ்னோவில் ஒரே குழியில் அடக்கம் செய்து, 28 மெக்சிகோ குடிமக்கள் என்று மட்டும் பொறித்தார்கள். பாடகர் வுடி கத்ரி அதைக் கேட்டு மனம் நொந்து ஒரு பாடல் எழுதினார். எழுத்தாளர் டிம் ஹெர்னாண்டஸ் ஆவணங்களைத் தேடி, குடும்பங்களைத் தேடி அலைந்ததன் பயனாக, 2013இல்தான் 28 பெயர்களும் கல்லில் ஏறின. அறுபத்தைந்து ஆண்டுகள்!

சேஷாசலத்தில் இறந்தவர்களின் பெயர்கள் வழக்கு ஆவணங்களில் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சட்டச் சிக்கலும் வருகிறது. மலையாளிகள் பழங்குடியினராக அங்கீகரிக்கப்பட்டிருப்பது மாநிலம் முழுவதற்குமாக அல்ல. பழைய வடஆற்காடு, தென்னாற்காடு, சேலம், தர்மபுரி, திருச்சி, புதுக்கோட்டை என்று பட்டியல் மாவட்டம் மாவட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதே மொழி, அதே வழக்கம் கொண்டவர்களாக இருந்தும் பழங்குடிச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் தோல் தொழிற்சாலையோ, கடையோ, கட்டட வேலையோ வைத்திருக்கும் நம் சகோதரர்களிடம் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் எந்த ஊர், முன்பணம் யாரிடம் வாங்கினார்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று இந்த வாரம் ஒருவரிடமாவது உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஜமுனாமரத்தூர்ப் பேருந்து நிறுத்தத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நாம் அப்படிக் கேட்டோம். "எதுக்கு பாய் கேக்கறீங்க, போலீஸா?" என்றுதான் முதலில் கேட்டார். பேசத் தொடங்கிய பின் போளூர் பேருந்து இரண்டு போய்விட்டன, அவர் எழுந்திருக்கவில்லை.