பழம்போரும் புதிய இசையும்

மாண்ட மன்னரின் வாளையும் கேடயத்தையும் அகழ்ந்தெடுக்கலாம். அவர்தம் செவியில் விழுந்த ஒலியை அகழ்ந்தெடுத்தல் இயலுமோ? இசைக்குறிகள் சில ஏட்டில் எஞ்சியிருப்பினும், அன்று அவை எழுப்பிய உணர்ச்சி இன்று எழுவதில்லை. இடைக்காலப் போரைத் திரையில் காட்டுமிடத்து இசைப்புலவர்க்கு நேரும் இடர் இதுவே. உருசிய இசைமேதை செர்கே புரோக்கோபீவ் இவ்விடரைத் தீர்த்த திறம் அறியத்தக்கது.

பழைய மரபைப் புதுக்குதல் அவர்க்குக் கைவந்த கலை. 18-ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசைஞர் ஹைடனின் நெறியைப் பின்பற்றி 1917-இல் ஒரு 'சிம்பொனி' இயற்றி முடித்து, அதற்குச் 'செவ்வியல் சிம்பொனி' என்றே பெயரிட்டவர் அவர். 1938-இல் ஐசன்ஸ்டைன் 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' என்னும் படத்தை எடுத்தபோது இசைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1242 ஏப்ரல் 5-ஆம் நாள், உறைந்த பைபஸ் ஏரியின்மீது, நோவ்கொரோட் இளவரசர் ஜெர்மானியச் சமயப் படையினரை வென்ற வரலாறு அது.

13-ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கத் துதிப்பாடல்களைப் பயன்படுத்தலாமோ என முதற்கண் ஆராய்ந்தார் புரோக்கோபீவ். அவை இக்காலச் செவிக்கு அந்நியமாய் நின்றன. ஆதலின் அவற்றை விடுத்து, அக்காலம் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று நாம் இன்று எண்ணுகின்றோமோ, அவ்வாறே புதிதாக இயற்றினார். பகைவர்க்கு இறுகிய இலத்தீன் பாட்டும் கரகரக்கும் கொம்பொலியும் அமைந்தன. உருசியர்க்கு நாட்டுப்பாடலின் சாயல் அமைந்தது. கொம்பை ஒலிவாங்கியின் மிக அருகில் ஊதச் செய்து, அதனால் விளையும் ஒலிச்சிதைவையே பகைவரின் அடையாளமாக்கினார். இரவில் படத்துண்டைக் கண்டு, மறுநாள் நண்பகலில் இசையோடு வந்து நிற்பார் என ஐசன்ஸ்டைன் எழுதியுள்ளார். சில காட்சிகளில் இசையே முந்தியது. படம் அதற்கேற்ப வெட்டி இணைக்கப்பட்டது.

ஆயினும் அப்பழம்போர் நிகழ்கால அரசியலுக்கே ஏவல் செய்தது. ஜெர்மனியின் நாஜி அரசுக்கு எச்சரிக்கையாய் அமைந்த அப்படம், 1939 ஆகஸ்டில் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்ததும் திரையரங்குகளினின்று மறைந்தது. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் மீண்டு வந்தது. இசையோ, 1939 மே மாதம் மாஸ்கோவில் ஏழு பகுதிகள் கொண்ட பாடற்கோவையாய் அரங்கேறி, படத்தின் துணையின்றியே இன்றும் வாழ்கின்றது.

பகைவன் யார் என்று அறிவு ஆராயுமுன் செவி தீர்ப்பளித்துவிடுகின்றது. திரையிசையின் ஆற்றலும் அதுவே, அச்சமும் அதுவே. பழைய ஒலி என்று நம் நெஞ்சை அள்ளுவதில், அதனைப் படைத்த காலத்தின் விருப்பும் வெறுப்பும் கலந்தே நிற்கின்றன. ஆதலின் இசையை மகிழ்ந்து கேட்போம். வரலாற்றை நூல்களிலும் தேடிக் கற்குமாறு நம் இளைஞரைப் பழக்குவோம்.