கடையில் ஒலிக்கும் இசை



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்குப் புத்தகத்தினுள் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். இடைவேளை மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து ஓடினர். அவன் மட்டும் தலை நிமிரவில்லை. நான் அருகில் சென்று நின்றதையும் அவன் அறியவில்லை. புத்தகத்தைக் கைப்பற்றினேன் என்பது உண்மை. அன்று மாலை அதனை முழுவதும் நானே படித்துவிட்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்தேன் என்பதும் உண்மை. ஆயினும், பள்ளி மணியோசையே கேளாதவாறு அவன் செவியை அடைத்தது எது என்னும் வினா என் மனத்தில் தங்கிவிட்டது.

சித்திரக்கதை ஊமைக் கலையன்று. அங்கே இடி இடிக்கும், கதவு உடையும், குதிரை பாயும். அவை யாவும் எழுத்துகளாகவே வரையப்பட்டிருக்கும். அந்த எழுத்துக்கு ஓசை தருபவன் படிப்பவனே. அந்த ஓசை அவன் உள்ளத்தில் எழுவது, அங்கேயே அடங்குவது. இத்தகைய நூல்களை மட்டுமே விற்கும் கடைகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உண்டு. அக்கடைகள் பலவற்றில் இசை ஒலித்துக்கொண்டிருக்கும். உள்ளத்தில் ஓசை எழுப்பும் நூல்களுக்கு நடுவே வெளியிலிருந்து ஓர் இசை எதற்கு? அது எவ்வாறு வந்தது? வாங்குபவரை அது என்ன செய்கிறது? இவற்றையே இன்று ஆராய்வோம்.

முதலில் இசையின் வரலாற்றைக் காண்போம். அமெரிக்கத் தரைப்படையின் செய்தித்தொடர்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர் என்னும் படைத் தலைவர். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரே கம்பியின் வழியாகப் பல செய்திகளை ஒருசேர அனுப்பும் முறையைக் கண்டவர். கம்பி வழியே செய்தி போகுமாயின் இசையும் போகுமன்றோ? 1922-ஆம் ஆண்டு முதல் அம்முயற்சி வளர்ந்தது. 1934-இல் அந்நிறுவனத்துக்கு ‘மியூசாக்’ என்று பெயரிட்டார். இசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியையும், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ‘கோடாக்’ என்னும் பெயரின் இறுதியையும் ஒட்டவைத்துப் படைத்த சொல் அது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். இல்லங்களுக்கென்று தொடங்கிய அத்தொழில், வானொலி எங்கும் பரவிய பிறகு உணவு விடுதிகளையும் தொழிற்சாலைகளையும் கடைகளையும் நாடிச் சென்றது.

இரண்டாம் உலகப் போர் இதற்கு ஒரு புதிய பொருளைத் தந்தது. உழைப்பவர் சோர்வை இசை போக்கும் என்று அரசுகளே நம்பின. இங்கிலாந்தின் பி.பி.சி. 1940-ஆம் ஆண்டு ஜூனில் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென்று ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது; 1967 வரை அது நீடித்தது. மியூசாக் நிறுவனமோ ஒருபடி மேலே சென்றது. பதினைந்து நிமிட இசைக்குப் பின் பதினைந்து நிமிட மௌனம். இசை ஒலிக்கும் நேரத்திலும் விறுவிறுப்பு பாட்டுக்குப் பாட்டு ஏறிக்கொண்டே போகும். இப்படி ஒரு கால அட்டவணையை அது வகுத்தது. பாட்டில் சொற்கள் இரா. கவனத்தை ஈர்க்கும் எதுவும் இராது. கேட்பதற்காக அமைந்த இசையன்று அது; கேளாமலே வேலை செய்வதற்காக அமைந்த இசை. இசையின் நெடிய வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பமாகும்.

இனி, கடையின் வரலாற்றுக்கு வருவோம். 1930-களிலும் 1940-களிலும் அமெரிக்கச் சிறுவர்கள் சித்திரக்கதைகளை மருந்துக்கடைகளிலும் செய்தித்தாள் கடைகளிலும் பத்து சென்ட்டுக்கு வாங்கினர். அவற்றுக்கெனத் தனிக்கடை இல்லை. 1954-ஆம் ஆண்டில் அந்நாட்டு மேலவையின் துணைக்குழு ஒன்று, சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றனவா என்று விசாரணை நடத்தியது. அதே ஆண்டில் பதிப்பகத்தார் தமக்குத் தாமே கடுமையான தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். பதிப்பகங்கள் பல மூடப்பட்டன. பின்னர் 1960-களின் இறுதியில் புதியதோர் அலை எழுந்தது. 1968-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் கேரி ஆர்லிங்டன் என்பவர் சித்திரக்கதைகளுக்கென்றே ஒரு கடை திறந்தார். அந்நாட்டில் தோன்றிய அத்தகைய முதற்கடைகளுள் அதுவும் ஒன்று. அதே நகரில், அதே ஆண்டில், ராபர்ட் கிரம்ப் என்னும் ஓவியர் தணிக்கையை மீறிய சித்திரக்கதை இதழ் ஒன்றை வெளியிட்டார். ஒரு ராக் இசைக் குழுவின் இசைத்தட்டுக்கு மேலுறையும் வரைந்தார். சித்திரக்கதையும் இசையும் ஒரே இளைஞர் கூட்டத்தின் கைகளில் இருந்தன என்பதற்கு இதுவே சான்று.

அடுத்து நிகழ்ந்ததை ஓர் ஆசிரியர் நிகழ்த்தினார் என்று சொல்வதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றிய பில் சூலிங் என்பவர், 1970-களின் தொடக்கத்தில் பதிப்பகத்தாரிடம் ஒரு புதிய ஏற்பாட்டை முன்வைத்தார். அதுவரை விற்காத பிரதிகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம். சூலிங்கோ, ‘நேரே எங்களுக்கு அனுப்புங்கள், விலையைக் குறையுங்கள், விற்காதவற்றைத் திருப்பமாட்டோம்’ என்னும் பேச்சை முடித்தார். இந்த ஏற்பாட்டினால்தான் தனிக்கடைகள் நாடெங்கும் பெருகின.

மாணவர்களே, இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். விற்காத புத்தகம் இனிக் கடைக்காரருக்கே நட்டம். ஆகவே, வருபவர் வாரந்தோறும் வரவேண்டும். வந்தவர் உடனே போய்விடாமல் நின்று புரட்ட வேண்டும். அந்த இடம் தமக்கு உரியது என்று உணரவேண்டும். சரக்கின் சுமை கடைக்காரரின் தோளில் ஏறியபோது, கடையின் சூழலும் அவருடைய முதலீட்டில் ஒரு பகுதியாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1973-இல், பிலிப் கோட்லர் என்னும் வணிகவியல் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். விற்கும் பொருளைவிட அது விற்கும் இடத்தின் ஒளியும் ஓசையும் மணமும் சில வேளைகளில் வாங்குபவரை மிகுதியாக ஈர்க்கும் என்பது அவர் கருத்து.

இங்கிலாந்தில் இவ்விரண்டு வரலாறுகளும் ஒரு தெருவிலேயே சந்தித்தன எனலாம். 1978-இல் லண்டன் நகரின் டென்மார்க் தெருவில் ‘ஃபர்பிடன் பிளானட்’ என்னும் கடை தோன்றியது. அத்தெரு இசைப் பதிப்பகங்களுக்கும் இசைக்கருவிக் கடைகளுக்கும் பெயர்பெற்றது. கடையின் பெயரோ 1956-ஆம் ஆண்டில் வந்த ஒரு திரைப்படத்தின் பெயர். முழுவதும் மின்னணு ஒலிகளாலேயே பின்னணி இசை அமைந்த முதற்படம் அது. கடை தோன்றிய அதே 1978-இல் சூப்பர்மேன் திரைப்படமும் வெளிவந்தது. ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசையை ஒருமுறை கேட்டவர், பின்னர் அவ்வீரனின் படத்தைத் தாளில் கண்டாலும் அந்த இசையையே உள்ளத்தில் கேட்டனர். படிப்பவன் தானாகத் தந்துவந்த ஓசையின் இடத்தில், பிறர் தந்த ஓசை அமர்ந்துகொண்டது.

இசை நம்மை எவ்வளவு மாற்றும்? 1982-இல் ரொனால்டு மில்லிமன் என்னும் ஆய்வாளர், அமெரிக்க அங்காடி ஒன்றில் மெதுவான இசையையும் விரைவான இசையையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். மெதுவான இசை ஒலித்த நாட்களில் மக்கள் மெதுவாக நடந்தனர். விற்பனையோ, விரைவான இசை ஒலித்த நாட்களைவிட 38.2 விழுக்காடு மிகுந்திருந்தது. 1997-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்று இன்னும் வியப்பானது. கடையில் பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு நாட்டு மது மிகுதியாக விற்றது. ஜெர்மானிய இசை ஒலித்த நாட்களில் ஜெர்மானிய மது மிகுதியாக விற்றது. வாங்கியவர்களைக் கேட்டபோது, இசையால்தான் வாங்கினோம் என்று ஒப்புக்கொண்டவர் மிகச் சிலரே.

இங்கேதான் உரிமை என்னும் வினா எழுகிறது. அமெரிக்கத் தலைநகரில் பேருந்துகளிலும் டிராம் வண்டிகளிலும் வானொலி இசையும் விளம்பரமும் ஒலித்தன. அதனை எதிர்த்துப் பயணிகள் இருவர் வழக்குத் தொடுத்தனர். 1952-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயினும் நீதியரசர் டக்ளஸ் மாறுபட்டார். தொந்தரவின்றித் தனித்திருக்கும் உரிமையே எல்லா விடுதலைக்கும் தொடக்கம் என்பது அவர் கருத்து. நீதியரசர் ஃபிராங்க்பர்ட்டரோ, தாமும் அவ்வொலியால் துன்புற்றவர் என்பதால் நடுநிலை தவறக்கூடும் என்று அஞ்சி, வழக்கிலிருந்தே விலகிக்கொண்டார். தம் மனத்தைத் தாமே அளந்து பார்த்த அந்தப் பண்பு போற்றத்தக்கது.

சிறிய சித்திரக்கதைக் கடையும் பெரிய அங்காடியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். தொலைவில் உள்ள நிறுவனம் ஒன்று அட்டவணை போட்டு அனுப்பும் இசை வேறு. கடைக்காரர் தமக்குப் பிடித்த இசைத்தட்டை எடுத்து ஒலிக்கச் செய்வது வேறு. பின்னதில் ஒரு மனிதர் இருக்கிறார். ‘இது என்ன பாட்டு?’ என்று அவரைக் கேட்கலாம். ‘சற்றுக் குறையுங்கள்’ என்று வேண்டலாம். அட்டவணையிடம் யார் வேண்டுவது? மியூசாக் என்னும் பெயர் 2013-இல் வழக்கொழிந்தது. ஆனால் அது தொடங்கிவைத்த பழக்கம் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

மாணவர்களே, இசையை வெறுக்குமாறு நான் கூறவில்லை. கடைக்குள் நுழைந்ததும் ஒரு கணம் நில்லுங்கள். என்ன ஒலிக்கிறது, அது உங்களை விரையச் செய்கிறதா, தயங்கச் செய்கிறதா என்று கவனியுங்கள். பின்னர் புத்தகத்தைத் திறவுங்கள். நல்ல நூலாயின், அந்த ஏழாம் வகுப்பு மாணவனுக்கு நேர்ந்ததுபோல், வெளியோசை யாவும் தாமே அடங்கிவிடும். அடங்கவில்லையாயின், நீங்கள் வாங்க நினைத்தது நூலையா, சூழலையா என்று மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு நேரம் என் குரலும் உங்கள் இல்லத்தில் ஒலித்தது. ஆனால் வானொலிப் பெட்டியின் திருகு உங்கள் கையில் இருந்தது.