காலி நிலம் என்றொரு புனைவு: நவி மும்பைக்குக் குடிபோதல் குறித்துச் சில குறிப்புகள்

1

மனைவிக்கு வேலை மாற்றல் வந்து நவி மும்பைக்குக் குடிபோகப் போகிறோம் என்றதும் நண்பர்கள் சொல்லிவைத்த மாதிரி ஒரே பட்டியலைத்தான் ஒப்பித்தார்கள். ரோடு அகலமா இருக்கும். தண்ணி ஒழுங்கா வரும். கரண்ட் போகாது. மும்பை மாதிரி ஆள் மேல ஆள் ஏற வேண்டியதில்லை. விலாசத்தில் தெருப் பெயர் இருக்காது. செக்டர் இத்தனை, பிளாட் இத்தனை என்று எண்கள்தான். பாலும் காய்கறியும் வாங்கக்கூடக் கொஞ்சம் நடக்கணும். "ஒண்ணுமே இல்லாத இடத்துல கட்டின ஊரு இல்லையா, அதான் இந்த நேர்த்தி" என்று முடித்தார் ரொம்ப நாளாக அங்கே இருக்கும் ஒருவர்.

மூன்று வருஷம் குடியிருந்தாயிற்று. பட்டியலில் பெரிதாகப் பொய் எதுவும் இல்லை. ரோடு அகலம்தான். தண்ணீர் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என்னை விடவில்லை. வெளி என்பது எதையும் போட்டு நிரப்பக் காத்திருக்கும் காலிப் பாத்திரமல்ல, அது சமூக உறவுகளால் உற்பத்தி செய்யப்படுவது என்று 1974இல் ஆன்றி லெஃபெவ்ர் விரிவாக எழுதினார். அப்படியானால் 'காலி' என்பதும் உற்பத்தி செய்யப்பட்டதாகத்தானே இருக்க வேண்டும்? யார் உற்பத்தி செய்தார்கள், என்ன விலையில், யாருக்காக? நம்மில் யாராவது திட்டமிட்ட நகரமொன்றுக்குக் குடிபோவதாக இருந்தால் ரோட்டின் அகலத்தோடு சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

2

முதலில் திட்டத்துக்கு அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம்.

1958இல் எஸ்.ஜி. பார்வே தலைமையில் அமைந்த குழு, தானே உப்பங்கழியின் குறுக்கே பாலம் கட்டி எதிர்க்கரையில் ஒரு துணைநகரம் அமைக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1965இல் முல்க் ராஜ் ஆனந்தை ஆசிரியராகக் கொண்டு வந்த 'மார்க்' இதழ் பம்பாயைப் பற்றி ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா என்ற இரு கட்டிடக் கலைஞர்களும் ஷிரிஷ் படேல் என்ற பொறியாளரும் அதில் ஒரு புதிய நகரத்தின் கனவை முன்வைத்தார்கள். ஒரு பத்திரிகையின் இதழிலிருந்து ஒரு நகரம் புறப்பட்டது என்பதில் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்குக் கொஞ்சம் பொறாமைகூட வரலாம். 1970 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு சிட்கோவை நிறுவியது. (நம்மூர்ச் சிறுதொழில் சிட்கோ அல்ல, இது நகரம் கட்டுவதற்கென்றே ஏற்பட்ட அரசு நிறுவனம்.) சுமார் 344 சதுர கிலோமீட்டர், 95 கிராமங்கள், 14 சிறுநகர்கள், 20 லட்சம் மக்கள். கணக்கு இதுதான்.

இதிலுள்ள அரசியலைக் கவனிக்க வேண்டும். நிலம் முழுவதையும் அரசே எடுத்துக்கொள்ளும். நகரம் வளரும்போது நிலத்தின் மதிப்பு ஏறும். அந்த ஏற்றம் தரகர்களின் பையில் விழாமல் பொதுவுக்கே திரும்பி வரும். அதிலிருந்து சாலையும் சாக்கடையும் ஏழைகளுக்கான வீடும். பேப்பரில் பார்த்தால் இது இடதுசாரித் திட்டம். வில்லன்கள் தீட்டியதல்ல, நல்லவர்கள் தீட்டியது. அதனால்தான் கூடுதல் கவனத்தோடு வாசிக்க வேண்டியிருக்கிறது.

வரைபடம் வரைந்த கைகள் 95 கிராமங்களைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக விட்டுவைத்தன. வீடுகள் இருக்கும் ஊர்நத்தத்தை அங்கே 'காவ்டாண்' என்கிறார்கள். அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியிருந்த வயல், உப்பளம், மேய்ச்சல் நிலம் எல்லாம் கையகப்படுத்தப்பட்டன. ஊர் இருக்கும், ஊர் பிழைப்பதற்கான நிலம் இருக்காது. காலி நிலத்தின் உற்பத்தி இங்கே தொடங்குகிறது.

3

அந்த 'ஒண்ணுமே இல்லாத' இடத்தில் என்ன இருந்தது?

ஆக்ரிகளும் கோளிகளும் இருந்தார்கள். கோளிகள் மீனவர்கள். ஆக்ரிகள் உப்பு காய்ச்சியவர்கள், நெல் விளைவித்தவர்கள், கழியில் மீனும் பிடித்தவர்கள். கடல் ஏறும்போது உப்புநீர் புகாதபடி மண்கரை போட்டு, மதகு வைத்து, அதற்குள் நெல் பயிரிடும் 'கார்' நிலங்கள் இந்தக் கரையோரத்தின் பழைய தொழில்நுட்பம். கரை ஓரிடத்தில் உடைந்தால் எல்லார் வயலும் போச்சு. ஆகவே கரையைக் காப்பது ஊர் முழுக்கச் சேர்ந்து செய்யும் வேலை. தமிழ் படித்தவனுக்கு வாய்ப்பாடு சட்டென்று வந்துவிடும்: நெய்தலும் மருதமும் மயங்கிய நிலம். திட்டக்காரர்களின் கண்ணுக்கோ சதுப்பு, களர், பயன்படாத தரை. பாலைக்கென்று தனி நிலமில்லை, பிற நிலங்கள் இயல்பு திரிந்தே பாலையாகின்றன என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் அதைச் செய்வது கோடை. இங்கே செய்தது வரைபடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடலேற்ற மட்டத்துக்குத் தாழ்ந்த தரையில் நகரம் கட்ட வந்தவர்களும் கடைசியில் அதே கரையையும் மதகையும்தான் நம்ப வேண்டியிருந்தது. நவி மும்பையின் பல பகுதிகளில் பெரிய குட்டைகள் இருக்கின்றன. கடல் ஏறும் நேரத்தில் மழைநீரைத் தேக்கி, இறங்கும்போது கதவு வழியாக வெளியே விடும் ஏற்பாடு. இதை டச்சுக்காரர்களின் முறை என்று சொல்வார்கள். ஆக்ரிகளின் முறை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. இந்த மக்கள் நிலத்துக்காக முதன்முதலாகப் போராடியது 1970க்குப் பிறகு அல்ல. இதே கொலாபா மாவட்டத்தில் (1981இல்தான் ராய்கட் ஆயிற்று) அலிபாகை அடுத்த சரி என்னும் கிராமத்தை மையமாகக் கொண்டு ஆக்ரிக் குத்தகை விவசாயிகள் 1933இலிருந்து 1939வரை பயிரிட மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நாராயண் நாகு பாட்டீல் தலைமை தாங்கினார். 'கோத்' எனப்பட்ட இடைத்தரகு நிலவுடைமையாளர்களை எதிர்த்த போராட்டம் அது. அம்பேத்கர் அவர்களோடு நின்றார். 1937இல் கோத் முறையை ஒழிக்கும் மசோதாவைப் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். கோத் ஒழிப்புச் சட்டம் நிறைவேற 1949 ஆயிற்று. குத்தகைச் சட்டத்தின்படி உழுபவரே நிலத்துக்கு உரியவர் என்று ஆனது 1957 ஏப்ரல் 1 அன்று. பலருக்குப் பட்டா கையில் வந்து பதின்மூன்று வருஷம் போனதும் சிட்கோ வந்தது. முன்பு நிலத்தைக் கையில் வைத்திருந்தவன் நிலப்பிரபு, அவனை எதிர்க்கலாம். இப்போது எடுத்துக்கொள்வது 'பொதுநலன்'. அதை எப்படி எதிர்ப்பது?

4

எதிர்த்தார்கள். ஷேத்கரி காம்கார் கட்சியின் தி.பா. பாட்டீல் முன்னே நின்றார். 1984 ஜனவரி 16, 17 தேதிகளில் உரண் பகுதியில் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அதன் விளைவாகவே, எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதத்தை மேம்படுத்திய மனையாகத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. 1990களில்தான் நடைமுறையாயிற்று. அதற்குள் ஒரு தலைமுறை நிலமுமில்லாமல் மனையுமில்லாமல் வளர்ந்துவிட்டிருந்தது.

எந்தப் பொதுநலனுக்காக இவ்வளவும் நடந்ததோ அது என்னவாயிற்று? தலைமைச் செயலகம் இங்கே இடம்பெயரும், அதைப் பின்தொடர்ந்து அலுவலகங்கள் வரும் என்பது கொரியா முதலானோரின் கனவில் முக்கியமான பகுதி. தலைமைச் செயலகம் வரவில்லை. அதே 1970களில் நரிமன் முனையில் கடலைத் தூர்த்து அலுவலகக் கோபுரங்கள் எழும்பின. 1973இல் பாலம் வந்தது. ரயில் வாஷிக்கு வந்தது 1992இல். அதன் செலவில் மூன்றில் இரண்டு பங்கைச் சிட்கோ ஏற்க வேண்டியிருந்தது. பொதுவுக்குத் திரும்பி வர வேண்டிய நில மதிப்பு, மனை விற்பனையாகக் கட்டுமானக்காரர்களிடம் போனது. கனவிலிருந்து பிசகாமல் முழுசாக நிறைவேறியது கையகப்படுத்தல் ஒன்றுதான் என்று நான் சொன்னால் கோபிக்காதீர்கள்.

இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். கொரியா 1983 - 86இல் பேலாப்பூரில் கட்டிய குடியிருப்பு உலகப் புகழ் பெற்றது. எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் முற்றம், அதைச் சுற்றி ஏழு வீடுகள். ஒரு வீட்டின் சுவரை இன்னொரு வீடு பங்குபோடாது. குடும்பம் பெருகப் பெருக அவரவர் வீட்டை அவரவரே வளர்த்துக்கொள்ளலாம். நல்ல சிந்தனை, மறுக்கவில்லை. அதே காலத்தில் பக்கத்துக் காவ்டாண்களில் மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை, பேரன் பிறந்தால் ஒரு மாடி என்று வீடுகள் வளர்ந்தன. சுற்றி நிலமில்லை, வேறு எங்கே போவார்கள்? அவற்றுக்கு மராத்தியில் 'கர்ஜேபோட்டி', அதாவது தேவையினிமித்தம் கட்டியவை, என்று பெயர். அரசின் கோப்பில் பெயர் வேறு: அனுமதியற்ற கட்டிடம். வளரும் வீடு கட்டிடக் கலைஞரின் பிரதியில் அழகியல். ஆக்ரியின் கையில் குற்றம்.

5

இனி என் கதை. நான் வாடகைக்கு இருக்கும் கட்டிடம் அந்தப் பன்னிரண்டரை சதவீத மனையில் எழுந்தது. நிலக்காரக் குடும்பத்துக்கு அதில் சில வீடுகள். மற்றவற்றைக் கட்டியவர் விற்றுவிட்டார். வீட்டுக்காரரின் தாயாரை எல்லோரும் 'ஆஜி' என்றுதான் கூப்பிடுவார்கள். என் அரைகுறை இந்தியும் அவருடைய ஆக்ரி மராத்தியுமாக ஏதோ பேசிக்கொள்வோம்.

முதல் வருஷம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு மனுவோடு வந்தார்கள். செக்டர் முனையில் மீனும் கீரையும் விற்கிறவர்களால் துர்நாற்றம், நடைபாதை ஆக்கிரமிப்பு, அப்புறப்படுத்த வேண்டும். வந்தவர்கள் படித்தவர்கள், பண்பானவர்கள்; அதில் ஒருவர் தமிழர். "சார், ஒரு கையெழுத்து." போட்டேன். ஃபூக்கோவைப் படித்திருந்தேன். விளிம்புநிலை பற்றிக் கூட்டங்களில் பேசியிருந்தேன். போட்டேன். புது இடத்தில் பகை எதற்கு என்று நினைத்ததாக ஞாபகம்.

பத்து நாளில் முனை சுத்தமாகிவிட்டது. ஆஜியிடம் எதேச்சையாகக் கேட்டேன், மீன் விற்கும் அந்தம்மா எங்கே போனார் என்று. ஆஜி சொன்னார்: "அவ கூடை வச்சிருந்த எடம் அவ மாமனாரோட வயலு. நெல்லு போடுவாங்க. கரைக்கு அந்தப் பக்கம் எங்களுது. இப்ப அவளைப் போய் ரோட்டை அடைக்கிறான்னு எழுதிக் குடுத்திருக்காங்களாம்." யார் எழுதிக் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த அகலமான ரோட்டில் நடக்கும்போதெல்லாம் ஒரு சங்கடம். காலி நிலத்தை உற்பத்தி செய்தது 1970இன் வரைபடம் மட்டுமல்ல. அதைத் தினசரி புதுப்பித்துக்கொள்ள என்னைப் போன்றவர்களின் கையெழுத்து தேவைப்படுகிறது. அரசு ஒருமுறை காலிசெய்தது. குடியிருப்போர் அவ்வப்போது கூட்டிப் பெருக்கிக்கொள்கிறோம்.

இது பழங்கதையும் அல்ல. பத்துக் கிராமங்களின் மக்களை இடம்பெயர்த்து, உல்வே குன்றைத் தகர்த்துச் சமப்படுத்தி எழுந்த புதிய விமான நிலையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்குத் தி.பா. பாட்டீலின் பெயரை வைக்க வேண்டுமென்று 2021இல் பூமிபுத்திரர்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நின்றார்கள். மாநில அரசும் 2022இல் அப்படியே தீர்மானித்தது. நிலத்துக்காகப் போராடியவரின் பெயர் நிலம் போன இடத்துக்கு. வெற்றி என்பதா, விழுங்கப்படுதல் என்பதா? அந்த மக்கள் வெற்றி என்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவன் அதை உடனே கட்டுடைத்துவிடுவது அவ்வளவு யோக்கியமாக எனக்குப் படவில்லை.

சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன்: என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், விற்பவர்களுக்கு அதே செக்டருக்குள் இடம் ஒதுக்கக் கேட்டு மனுக் கொடுப்போம் என்று. பதில் இல்லை. தமிழர் மட்டும் லிஃப்டில் பார்த்தபோது, "உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம், வாடகைக்குத்தானே இருக்கீங்க" என்றார். ஆஜியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதுவதில் அந்த வசதியும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.