"வாயை மூடு": வகுப்பறையில் தினமும் சொல்லும் ஒரு கட்டளையின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டார் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் என் தரம் 3 வகுப்பில் ஒரு மகன் இருந்தான். எப்போதும் வாய் பாதி திறந்திருக்கும். இரண்டாம் பாடவேளையிலேயே கண் சொருகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பான். அவனுக்குத் "தூங்குமூஞ்சி" என்று பெயர் வைத்தது வேறு யாருமல்ல, நான்தான். மற்றப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பல் பார்க்கப் பாடசாலைக்கு வந்த பற்சிகிச்சையாளர் அவனுடைய வாயைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார்: "டீச்சர், இவர் எப்பவும் வாயாலயா மூச்சு விடுறார்?" ஆறு மாதமாக அவனுக்குப் படிப்பிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ராவைக்கு வாப்பாவை விடக் கொறட்டை விடுவான் டீச்சர். நாங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறதுதான்" என்றார். காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் பார்த்தபோது மூக்கின் பின்பக்கம் அடினோயிட் என்ற சதை வளர்ந்து மூச்சு வழியை அடைத்திருந்தது தெரியவந்தது. காதிலும் நீர் தேங்கியிருந்தது. நான் சோம்பல் என்று நினைத்தது நித்திரைக் குறை. அடங்காத்தனம் என்று நினைத்தது காது மந்தம்.

ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்தோம். பிள்ளையின் மூக்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வெட்கத்தில்தான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். இது 150 வருடத்துக்கு மேற்பட்ட கதை.

கதையைத் தொடக்கிவைத்தவர் ஒரு வைத்தியர் அல்ல, ஓவியர். ஜோர்ஜ் கெட்லின் என்ற அமெரிக்கர். சட்டம் படித்தவர், அதை விட்டுவிட்டுத் தூரிகையைக் கையில் எடுத்தார். 1830களில் மேற்கு அமெரிக்காவின் பழங்குடி மக்களிடம் பயணம் செய்து அவர்களின் முகங்களை வரைந்தார். முகம் வரைகிறவருக்கு வாயும் பல்லும் கண்ணில் படாமல் போகுமா? அந்த மக்களின் பற்கள் ஒழுங்காக இருப்பதைக் கவனித்தார். குழந்தை நித்திரையில் வாயைத் திறந்தால் தாய்மார் உதடுகளை மெல்லச் சேர்த்து மூடிவிடுவதையும் கண்டார். அவரே சிறு வயது முதல் வாய் திறந்து தூங்கி அவதிப்பட்டவர். பிறகு பெருமுயற்சி செய்து அந்தப் பழக்கத்தை விட்டவர். இதையெல்லாம் சேர்த்து 1862 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பின்னாளில் அது "வாயை மூடு, உயிரைக் காப்பாற்று" என்ற பொருள்படும் தலைப்பில் வந்தது.

கெட்லினின் கண் கூர்மையானது. முடிவுதான் அளவுக்கு மீறிப் போய்விட்டது. பல் முதல் ஆயுள் வரை எல்லாவற்றுக்கும் மூச்சையே காரணமாக்கினார். அந்த மக்களின் உணவில் நம்முடையதைப் போலச் சீனியும் வெள்ளை மாவும் இருக்கவில்லை என்பதற்கு உரிய இடம் கொடுக்கவில்லை. 1832 இல் அவர் ஆசையோடு வரைந்த மண்டான் மக்கள், 1837 இல் பரவிய பெரியம்மையில் ஏறக்குறைய அழிந்தே போனார்கள். மூடிய வாய் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஒரு நல்ல பழக்கத்தை எல்லா நோய்க்கும் மருந்தாக்கினால் இப்படித்தான் ஆகும்.

கெட்லின் வாயை மூடச் சொன்னார். சில பிள்ளைகளால் ஏன் மூட முடியவில்லை என்பதற்கு டென்மார்க்கில் விடை கிடைத்தது. கொப்பன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற வைத்தியரிடம் 20 வயதுப் பெண் ஒருவர் வந்தார். காது சரியாகக் கேட்பதில்லை, பேச்சும் தெளிவில்லை. அந்தக் காலத்தில் மூக்கின் பின்பக்கத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. மேயர் வாய்க்குள் விரலை விட்டு, அண்ணத்துக்குப் பின்னால் மேல்நோக்கித் தடவிப் பார்த்தார். மெத்தென்ற சதை அந்த இடத்தை நிரப்பியிருந்தது. அதை அகற்ற ஒரு சிறு கருவியையும் தானே அமைத்தார். 1868 இல் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். பாடசாலைப் பிள்ளைகளையும் சோதித்து, இது அபூர்வ நோயல்ல என்று காட்டினார். பிற நாட்டவரும் பணம் சேர்த்துக் கொப்பன்ஹேகனில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

மேயர் பேச்சைக் கூர்ந்து கேட்டவர். மூக்கு அடைத்தவருக்கு மெல்லின எழுத்துகள் வராது. நமது தமிழில் இதை எளிதாகச் சோதிக்கலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு "உம்மா" என்று சொல்லிப் பாருங்கள், "உப்பா" என்று வரும். "மாமா" என்பது "பாபா" ஆகும். சளியே இல்லாத நாளிலும் உங்கள் பிள்ளை இப்படிப் பேசினால் அது செல்லக் கொஞ்சல் என்று விட்டுவிடாதீர்கள்.

அதன் பிறகு பல் வைத்தியர்கள் இந்த விடயத்துக்குள் வந்தார்கள். அமெரிக்காவில் பல் வரிசை சீர்படுத்தும் துறையை வளர்த்த எட்வர்ட் ஏங்கிள், தனது நூலின் 1907 ஆம் ஆண்டுப் பதிப்பில், பற்கள் வரிசை தவறுவதற்கான காரணங்களில் வாயால் மூச்சு விடுவதே மிக வலியது என்று எழுதினார்.

அது எப்படி? இப்போது வாயை மூடிக்கொண்டு உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். மேல் அண்ணத்தோடு ஒட்டியிருக்கும். வளரும் பிள்ளைக்கு அந்த நாக்குத்தான் மேல் தாடைக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கிறது. வெளியிலிருந்து கன்னங்கள் அழுத்துகின்றன. இரண்டும் சமமாக இருந்தால் தாடை அகலமாக வளரும். வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும், கன்னத்தின் அழுத்தம் மட்டும் மிஞ்சும். தாடை ஒடுங்கி, அண்ணம் உயர்ந்து, முன் பற்கள் இடமில்லாமல் நெருங்கி வெளியே தள்ளும்.

இதைப் பின்னர் ஆய்வுகளும் சோதித்தன. சுவீடனில் லிண்டர் அரோன்சன் 1970 இல் அடினோயிட் பிள்ளைகளின் தாடையையும் மற்றப் பிள்ளைகளின் தாடையையும் ஒப்பிட்டார். சதை அகற்றப்பட்டு மூக்கால் மூச்சுவிடத் தொடங்கிய பிள்ளைகளின் பல் வரிசை ஓரளவு வழமைக்குத் திரும்பியதையும் பின்னர் பதிவு செய்தார். கலிபோர்னியாவில் ஹார்வோல்ட் குழுவினர் குரங்குகளின் மூக்கை அடைத்து நடத்திய ஆய்வு 1981 இல் வெளியானது. குரங்குகளின் தாடையும் பற்களும் மாறின, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அல்ல. ஆகவே பல் கோணல் எல்லாம் மூச்சால் வந்ததல்ல. பரம்பரை உண்டு, விரல் சூப்புதலும் உண்டு.

இனி நான் ஆசிரியர் என்பதால் என்னை மிகவும் பாதித்த பகுதி. 1906 ஜூன் மாதம், நியூயோர்க் நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஏழைகளின் குடியிருப்பு. அங்கிருந்த ஒரு பாடசாலையில் பல பிள்ளைகளுக்கு அடினோயிட் இருப்பதாகக் கண்டார்கள். பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது பெற்றாருக்குச் சிரமம் என்று, வைத்தியர்களைப் பாடசாலைக்கே வரவழைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். நோக்கம் நல்லதுதான். பிள்ளைகள் வாயில் இரத்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

சில நாட்களில் ஒரு வதந்தி கிளம்பியது: பாடசாலைகளில் வைத்தியர்கள் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள்! ஆயிரக்கணக்கான தாய்மார் பாடசாலைகளை முற்றுகையிட்டார்கள். கல்லெறிந்து ஜன்னல்களை உடைத்தார்கள். பிள்ளைகளை உயிரோடு கண்ட பிறகுதான் அடங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரஷ்யப் பேரரசில் நடந்த கொலைகளுக்குத் தப்பி வந்த யூதப் பெண்கள். பலருக்கு ஆங்கிலம் தெரியாது. அதே மாதம்தான் பியாலிஸ்டொக் நகரில் யூதர்கள் கொல்லப்பட்ட செய்தியும் வந்திருந்தது. அந்தத் தாய்மாரை அறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது இலகு. பயந்து வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு, அதன் மொழியில், அதன் வாசலில் நின்று யாரும் சரியாக விளக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிற பாடம். வதந்தியால் ஒரு சமூகம் எப்படிக் கலங்கும் என்பதை நமக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்தத் தாய்மாரின் பயம் பிழை. ஆனால் வைத்தியர்கள் எல்லாமே சரியாகச் செய்தார்கள் என்றும் இல்லை. அடுத்த சில தசாப்தங்களில் தொண்டைச் சதையை வெட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதே நியூயோர்க்கில் 1000 பாடசாலைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1934 இல் வெளிவந்தது. அதில் 611 பேருக்கு ஏற்கெனவே டொன்சில் அகற்றப்பட்டிருந்தது. மிஞ்சிய 389 பேரை வைத்தியர்கள் சோதித்து, 174 பேருக்கு வெட்ட வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு வைத்தியர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் 99 பேருக்கு வெட்ட வேண்டும் என்றார்கள். எஞ்சிய 116 பேரை மூன்றாம் முறை அனுப்ப, 51 பேருக்கு வெட்ட வேண்டும் என்று வந்தது. கடைசியில் மிஞ்சியது 65 பிள்ளைகள். தேடுகிறவன் கண்ணுக்குத் தேடுவதே தெரியும். நான் "சோம்பேறி"யைத் தேடியது போல.

ஆகவே பயந்து ஓடவும் வேண்டாம், எல்லாப் பிள்ளைக்கும் வெட்டச் சொல்லவும் வேண்டாம். அடினோயிட் சிறு வயதில் பெருத்து, பதின்ம வயதில் பெரும்பாலும் தானாகச் சுருங்கும். தூசு ஒவ்வாமையாலும் மூக்கு அடைக்கும், அதற்கு மருந்து உண்டு. எது என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

மூக்கால் விடும் மூச்சுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மூக்கு காற்றை வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி நெஞ்சுக்கு அனுப்புகிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் நைத்திரிக் ஒட்சைட்டு வாயு உருவாவதை 1995 இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூக்கால் இழுக்கும் மூச்சோடு அது நுரையீரலுக்குப் போய் ஒட்சிசன் இரத்தத்தில் சேர உதவுகிறது.

வாயால் விடும் மூச்சு எச்சிலைக் காயவைக்கிறது. எச்சில்தான் பல்லின் காவல்காரன், அமிலத்தைக் கழுவுவது அதுவே. நித்திரையில் எச்சில் சுரப்பது எப்படியும் குறைவு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 10 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016 இல் வெளியிட்டார்கள். வழமையாகத் தூங்கிய இரவுகளில் வாயின் பீஎச் பெறுமானம் சராசரி 7.0. மூக்கை அடைத்து வாயால் மூச்சுவிட்ட இரவுகளில் சராசரி 6.6. சில நேரம் 3.6 வரை இறங்கியது. 5.5 அளவுக்குக் கீழே போனால் பல் மிளிரி கரையத் தொடங்கும். சீனி போட்ட பால் போத்தலோடு, வாய் திறந்து தூங்கும் பிள்ளையின் பல்லை நினைத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை இவை: பகலிலும் திறந்திருக்கும் வாய், வெடித்த உதடு, காலையில் வாய்நாற்றம், மேல் முன்பல் ஈறு சிவந்து வீங்கியிருத்தல், சளியில்லாத நாளிலும் குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழும்புதல், கூப்பிட்டால் கேட்காமை. பிள்ளை வுழூ செய்து மூக்குக்குத் தண்ணீர் எடுத்த பிறகு, ஒரு பக்கத்தை விரலால் மூடி மறுபக்கத்தால் மூச்சு விடச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று. இரவில் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கும் வீடியோக்கள் இப்போது பரவுகின்றன. பிள்ளைகளுக்கு அதைச் செய்யவே வேண்டாம். மூக்கு அடைத்த பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி வாய்தான். கெட்லினின் கட்டளையை மேயரின் விரல் இல்லாமல் நிறைவேற்றப் போவது போன்றது அது.

அந்த மகனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அவன் வகுப்பில் முதலாம் இடம் வந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆனால் முதல் தடவை கூப்பிட்டதுமே திரும்பினான். "உம்மா" என்ற சொல் தெளிவாக வந்தது. வகுப்பின் முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இருந்தும் தரம் 5 முடியும் வரை சில பிள்ளைகள் அவனை அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்கள். மூக்கின் அடைப்பை வைத்தியர் ஒரு நாளில் எடுத்துவிட்டார். நான் வைத்த பெயரை என்னால் எடுக்க முடியவில்லை.

பாடசாலைக்கு வைத்தியப் பரிசோதனை வரும் நாளில் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் வாருங்கள். விளங்காததைக் கேளுங்கள், விளக்குவது எங்கள் கடமை. சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "வாயை மூடு" என்று சொல்ல முன், அந்தப் பிள்ளையால் மூட முடிகிறதா என்று ஒருதரம் பாருங்கள்.