கொள்ளைநோய் காத்த கோபுரங்கள்

உரோமாபுரியிலிருந்து வடக்கே புறப்படுவோர் இத்தாலியின் குன்றூர்கள் பலவற்றையும் ஒரே மூச்சில் கண்டுவிட எண்ணுவர். மூன்று போதும் என்பேன்.

முதலாவது ஓர்வியேத்தோ. 1527இல் உரோமாபுரி சூறையாடப்பட்டபின், போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்டு இங்கு அடைக்கலம் புகுந்தார். முற்றுகை நேரின் நீருக்கு என் செய்வது என்றஞ்சி அவர் தோண்டுவித்த கிணறு 53 மீட்டர் ஆழமுடையது. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றையொன்று எதிர்ப்படாதிருக்க, இறங்க ஒன்றும் ஏற ஒன்றுமாக இரு சுழற்படி வழிகள். வழிக்கு 248 படிகள். முழங்கால் வலியுள்ளோர் மேலிருந்தே பார்த்து மகிழலாம்.

அடுத்தது சியன்னா. தம் பேராலயத்தை மேலும் பெரிதாக்க 1339இல் முனைந்தனர் அந்நகரத்தார். 1348இல் கொள்ளைநோய் புகுந்தது, பணி நின்றது. கூரை காணாத அப்பெருஞ்சுவரின் மீதேறி இன்றும் ஊரைக் காணலாம்.

அந்நோயே சான் ஜிமிஞானோவையும் வாட்டியது. செல்வக் குடிகள் போட்டியிட்டு எழுப்பிய கோபுரங்கள் 72 என்பர். நலிவுற்ற ஊர் 1353இல் பிளாரன்சுக்கு அடிபணிந்தது. கையில் பொருள் இருந்திருப்பின் பழையன இடித்துப் புதியன கட்டியிருப்பர். வறுமையால் தப்பியவை சுமார் 14. இவ்வூருக்கு இரயில் இல்லை. பொஜிபோன்சியில் இறங்கிப் பேருந்து ஏறவேண்டும். பகற்கூட்டம் கலைந்தபின் கோபுரங்களைக் காண, ஓரிரவேனும் அங்குத் தங்குக.